பட்டாளத்து அண்ணாச்சி பிரான்சுக்குப் போயிருந்தார்

போன வருடம் பங்குனி மாதக் கடைசியில் தொடங்கியது இது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் எங்கள் வீடு. என் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்குள் அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. பட்டாளத்து அண்ணாச்சி என்றால்தான் தெரியும்.

தினமும் விடிவதற்கு முன்பே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வயல் வழியாக இலஞ்சி, முருகன் கோயிலைத் தாண்டித் தென்னந்தோப்பு ஓரமாகக் குற்றாலம், பேரருவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெயின் ரோட்டில் திரும்பினால் வீடு. அந்த வழியைப் போல உலகத்தில் வேறு வழி இல்லை என்பார். முன்னால் மலை, திரும்பும்போது தூரத்தில் தென்காசிக் கோபுரம், இரண்டு பக்கமும் நெல். எதிரே தொந்தியோடு நடந்து வருகிற அத்தனை பேரையும் "என்னவே, கைய வீசி நடயும்" என்று அதட்டிக்கொண்டே ஓடுவார். அவர்களும் சிரித்தபடி சல்யூட் அடிப்பார்கள். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லாமல் காபி குடிக்க மாட்டார்.

எங்கள் ஒரே மகள் பிரான்சில் வேலை பார்க்கிறாள். அவள் இருக்கும் ஊரைச் சுற்றிலும் ஒயினுக்கென்று வளர்க்கும் திராட்சைத் தோட்டங்கள். அப்பாவின் புத்தி அவளுக்கும். லீவு நாளில் ஓடப் போய்விட்டு வீடியோ அனுப்புவாள். இடுப்பு உயரத்துக்கு வரிசை வரிசையாகக் கொடிகள், நடுவில் மண் தடம், மேட்டில் ஒரு பழைய கோட்டை, கல்லால் கட்டின வீடுகள், எங்கேயோ மாதா கோயில் மணிச் சத்தம். அறுவடைக் காலத்தில் அந்தத் தோட்டங்கள் வழியாக ஊரே சேர்ந்து ஓடுமாம். செப்டம்பரில் அப்பாவும் மகளும் அதில் ஓடுவது என்று முடிவாயிற்று. "ராஜஸ்தான்ல மணல்ல ஓடிட்டேன். காஷ்மீர்ல பனியில ஓடிட்டேன். திராட்சைக்குள்ளதான் இன்னும் ஓடல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். புது ஷூ வாங்கினார். இலஞ்சி வழி முழுக்க அந்தச் சேதி பரவிவிட்டது.

ஒரு நாள் ஓடிவிட்டு வந்து குளிக்கப் போனவர் குளியலறையிலேயே விழுந்தார். வாடகைக் காரை வரவழைத்து, நானும் டிரைவருமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு திருநெல்வேலிக்கு ஓடினோம். அந்த நேரத்தில் தெருவில் யாரும் இல்லை. பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. மகள் அடித்துப் பிடித்து வந்தாள். முதலில் வீட்டுக்கு வந்து பெட்டியை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவள் வந்தது தெருவுக்குத் தெரியும். லீவு முடிந்ததும் திருநெல்வேலியிலிருந்தே திரும்பிப் போனாள்.

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது இருட்டிவிட்டது. காருக்குள் இடது கையால் என் கையைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிச் சொன்னார்.

"மவகூட... பிரான்சுக்குப் போய்ட்டேன்னு... சொல்லு."

புத்தி பேதலித்துவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். இல்லை, தெளிவாகத்தான் இருந்தார். சல்யூட் வாங்கின மனுஷன், வாய் கோணிப் படுத்திருப்பதை யாரும் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் அவருக்கு. சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்றிலிருந்து அவர் பிரான்சில் இருந்தார், எங்கள் வீட்டு உள்ளறையில். வாசல் ஜன்னலைச் சாத்தினேன். அவர் வேட்டியை வீட்டுக்குள்ளேயே காயப் போட்டேன். டிவிச் சத்தம் கிடையாது. யாராவது வாசலில் நிற்கும்போது அவருக்கு இருமல் வந்தால் நான் ஓடிப்போய் மிக்சியைப் போடுவேன். வெறும் மிக்சி எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

சாரல் தொடங்கின பிறகு ஒரு காலையில், "இலஞ்சியில... நாத்து நட்டுட்டாவளா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? "போய்ப் பாத்துட்டு வா" என்றார். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு அவர் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால் போனேன். நடந்து போய் நடந்து வருவதற்குள் அவர் கட்டிலிலிருந்து பாதி சரிந்து, துணியெல்லாம் நனைந்து, சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். அவரை அதிக நேரம் தனியாக விட முடியாது என்று புரிந்தது. ஆனால் அவருக்கு அந்த வழி வேண்டும். ஆகவே மறுநாள் ஓடினேன். புறப்படும் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள் நான். மகளின் பழைய ஷூவில் துணியைத் திணித்து மாட்டிக்கொண்டு, சுடிதாரோடு, ஐம்பது வயதில், மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஓடினேன்.

வழியில் எல்லோரும் கேட்டார்கள். குற்றாலத்தில் ரம்புட்டான், மங்குஸ்தான் விற்கும் பழக்கடைக்காரிதான் முதலில் ஆரம்பித்தாள். "அண்ணாச்சி அங்கன போயும் ஓடுதாவளா அக்கா?" ஓடுகிறார் என்றேன். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "குளிருன்னு... சொல்லு. கோட்டை வரைக்கும்... ஓடுதேன்னு சொல்லு" என்றார். அதுவே வழக்கமாகிவிட்டது. நான் இங்கே அவருடைய வழியில் ஓடுவேன். வந்ததும் நாற்று எவ்வளவு வளர்ந்திருக்கிறது, அருவியில் எவ்வளவு தண்ணீர், யார் யார் அவரை விசாரித்தார்கள் என்று சொல்வேன். மகள் அனுப்பின வீடியோவைப் போட்டுப் பார்த்து, நாளைக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் யோசித்துச் சொல்வார்.

அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர் அவராக இருப்பார். மற்ற நேரமெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். இருட்டின பிறகு பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட் கெஞ்சிப் பார்த்து அலுத்துப்போனார். வெளித் தாழ்வாரத்தில் கொஞ்சம் உட்காருங்கள், காற்று படட்டும் என்று நான் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். கண்ணை மூடிக்கொள்வார். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இலஞ்சியைத் தாண்டும்போது பல நாள், திரும்பாமல் இப்படியே செங்கோட்டைப் பக்கம் ஓடிப்போய்விட்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. பேசுவதற்கு ஒரு ஆள் இல்லை. தெரு முழுக்க ஆட்கள் இருந்தும் யாரிடமும் வாய்விட்டு அழ முடியாது. என் புருஷன்தான் பிரான்சில் சுகமாக இருக்கிறாரே.

ஆவணியில் ஒரு நாள் தூறலில் அந்தப் பழக்கடைக்கு முன்னாலேயே பாசி வழுக்கி விழுந்தேன். முழங்கால் கிழிந்து ரத்தம். எழுந்தால் கால் ஊன்ற முடியவில்லை. பழக்கடைக்காரி ஓடி வந்து தூக்கி ஸ்டூலில் உட்கார வைத்தாள். எனக்கு வலியைவிட நேரமாகிறதே என்ற பதற்றம். போகணும், போகணும் என்று புலம்பினேன்.

"பதறாதீங்க அக்கா. எங்க வீட்டுக்காரர் பைக்குல கொண்டாந்து விடுவாவ. அண்ணாச்சி ஒத்தையில கெடப்பாவன்னு எங்களுக்குத் தெரியாதா?"

நான் அவள் முகத்தையே பார்த்தேன். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கும் உறைத்துவிட்டது. அப்புறம் மறைக்கவில்லை.

"கார்ல கொண்டாந்து எறக்குன அன்னைக்கே ஒங்க எதுத்த வீட்டு மதினி பாத்துட்டாவ. அண்ணாச்சி நம்மள பாக்க வேண்டாம்னு நெனைக்காவ, அவிய விருப்பத்துக்கே இருக்கட்டும்னு எல்லாரும் பேசிக்கிட்டோம். கேக்காம இருந்தா ஒங்களுக்குச் சந்தேகம் வந்துரும்லா? அதான் கேட்டுக்கிட்டே இருந்தோம்."

அந்த வழியில் என்னை நிறுத்தி, அங்கே மழையா, குளிரா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று விசாரித்த அத்தனை பேருக்கும் தெரியும். மருந்துக் கடையில் பெரியவர்களுக்கான டயப்பரை நான் பைக்குள் மறைத்து வாங்கினதும் தெரியும். வெட்கத்தில் அழுதேனா, நிம்மதியில் அழுதேனா, தெரியவில்லை. அழுது தீர்த்தேன். அவள் கணவர் பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். "இங்கனயே எறங்கிக்கிடுங்க அக்கா. சத்தம் அண்ணாச்சிக்குக் கேட்டுரும்" என்றார்.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் நொண்டிக்கொண்டே உள்ளே போனேன். எல்லோருக்கும் தெரியும், யாரும் உங்களைக் கேவலமாக நினைக்கவில்லை, ஜன்னலைத் திறக்கிறேன், வெளியே வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தலையைத் தூக்கி, "இன்னைக்கு... யாரு கேட்டா?" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. அவரிடம் மிச்சம் இருந்ததே அந்த ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டால் மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பார்?

"பழக்கடைக்காரி கேட்டா. திராட்சை பறிக்க ஆரம்பிச்சாச்சான்னு கேட்டா" என்றேன்.

யோசித்தார். "இன்னும் கொஞ்ச நாள்... ஆகும்னு சொல்லு" என்றார்.

செப்டம்பர் வந்தது. மகள் தனியாக அந்த ஓட்டத்தில் ஓடி வீடியோ அனுப்பினாள். நெஞ்சில் அப்பாவின் பழைய போட்டோவைக் குத்தியிருந்தாள். முழுவதும் பார்த்தார். போனை என் பக்கம் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு யார் கேட்டார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னாலும் காதில் வாங்கவில்லை. வயலில் கதிர் முற்றிவிட்டது என்றேன். கோபுரம் மழையில் தெரியவில்லை என்றேன். சுவரிடம் சொல்வதும் அவரிடம் சொல்வதும் ஒன்றாகிவிட்டது.

ஐப்பசி அடைமழையில் ஒரு மத்தியானம் அதே பக்கவாதம் மறுபடி வந்தது. டாக்டரைக் கூப்பிட நேரமில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போய்விட்டார்.

அப்போதுதான் அந்த வாசல் ஜன்னலைத் திறந்தேன். என் அழுகைச் சத்தம் கேட்டு, மழையில் தெரு நிறைய ஆட்கள். எதிர்த்த வீட்டு மதினி, பழக்கடைக்காரி, அவர் அதட்டின தொந்திக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒருவர் தலைமாட்டில் விறைப்பாக நின்று சல்யூட் அடித்துவிட்டு, அப்படியே உடைந்து அழுதார். பிரான்சிலிருந்து அண்ணாச்சி எப்போது வந்தார் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

பழக்கடைக்காரி மட்டும் என்னைக் கட்டிக்கொண்டு, "ஒரு தடவ உள்ள வந்து பாத்திருக்கலாம்க்கா, ஏசுனாலும் ஏசிட்டுப் போறாவ" என்று அழுதாள். அந்த வார்த்தை இன்னும் என்னைத் தூங்க விடவில்லை. எவ்வளவு பெரிய மனசு அவர்களுக்கு! ஆனால் அந்தப் பெரிய மனசோடு அவர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள், நாங்கள் இரண்டு பேரும் உள்ளே கிடந்து வெந்தோம். யாராவது ஒருவர் முரட்டுத்தனமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "என்னவே, கைய அசையும்" என்று அவரை அதட்டியிருந்தால் எழுந்திருப்பாரோ? அன்றைக்கு நான் சொல்லியிருந்தால்? டாக்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாதம்மா என்றார்.

இப்போதும் அதே வழியில்தான் ஓடுகிறேன். காத்திருக்க ஆள் இல்லை, மெதுவாகவே போகலாம், ஆனால் கால் கேட்பதில்லை. நாற்று நட்டால் நின்று பார்க்கிறேன், சொல்வதற்குத்தான் யாரும் இல்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. வழியில் எந்த வீட்டு ஜன்னலாவது பல நாளாகச் சாத்தியே கிடந்தால், ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. நின்று, கதவைத் தட்டிவிட்டுத்தான் போகிறேன்.