இராசமலர் என்று பேர் வெட்டிய செம்பு

புளி போட்டுப் பித்தளை தேய்க்கிற வாசனை... வெள்ளிக்கிழமை காலையில் ஆவடியில் எங்கள் சித்தி வீட்டுக் குழாயடி முழுக்க அதுதான். சித்தி எல்லாப் பாத்திரத்தையும் பளபளவென்று தேய்த்துக் கவிழ்ப்பார். ஒரே ஒரு செம்பை மட்டும் தொடமாட்டார்.

தேய்த்தால் அதில் வெட்டியிருக்கிற பேர் பளிச்சென்று தெரியுமே.

"இராசமலர்."

எங்கள் சொந்தத்தில் அந்தப் பேரில் ஒருத்தரும் கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் நம் படை இலங்கைக்குப் போனபோது ஏகாம்பரம் சித்தப்பா ராணுவ லாரி டிரைவர். கூடவே அவருடைய சிநேகிதர், நெமிலிச்சேரி தாஸ் மாமாவும் போனார். திரும்பி வந்த சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில் துண்டு சுற்றிய அந்தச் செம்பு இருந்தது.

சித்தி கேட்டது ஒரே கேள்வி. "யாருய்யா அவ?"

"யாரும் இல்ல. உள்ள வை."

சித்திக்குப் பெண் விஷயத்தில் சந்தேகம். அம்மாவுக்கு வேறு சந்தேகம். "உங்க தம்பி ஆளில்லாத ஊட்ல பூந்து எட்துகினு வந்துட்டாரோ இன்னாவோ" என்று அப்பாவிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்துவிட்டது.

எனக்குப் பத்து வயது. அங்கே இருப்பது நம்ம ஜனம்தானே என்று தெருவே பேசிக்கொண்டிருந்த காலம். சித்தப்பா வாங்கித் தந்த பன் பட்டர் ஜாமைக்கூட அதற்கப்புறம் நான் தொடவில்லை. அவர் குளிக்கப் போனால் பெட்டியைக் குடைவேன். ஒன்றும் கிடைக்காது. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கும்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாஸ் மாமா வந்திருந்தார். வேண்டுமென்றே அந்தச் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேரைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார்.

"தாகம் இல்ல கண்ணு."

கீழே வைத்துவிட்டார். சரி, இரண்டு பேரும் கூட்டு என்று முடிவு கட்டினேன்.

தாஸ் மாமா காலமாகிவிட்டார். சித்தியும் இல்லை. சித்தப்பா இப்போது பருத்திப்பட்டில் மகனோடு ஃப்ளாட்டில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். பால்கனியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். அந்தச் செம்பைப் பற்றிக் கேட்டேவிட்டேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"வண்டி சூடாயி நின்னுபோச்சும்மா. ஒரு அம்மா செம்புல தண்ணி எட்தாந்து குட்த்துச்சு. ரேடியேட்டர்ல ஊத்திகினு இருக்கசொல்லோ கெளம்புன்னு ஆர்டர். செம்பு வண்டியிலயே தங்கிப்போச்சு. பத்து நாள் கழிச்சு அதே ரோட்ல வந்தோம், நானும் தாஸும். குட்த்துடலாம்னு எறங்குனேன்..."

கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஊடு இல்லம்மா."

"இத ஏன் சித்தப்பா சித்திகிட்ட சொல்லல? கடைசி வரைக்கும் உங்கள நம்பாமலே போய்ட்டாங்களே."

"சொன்னா அட்த்து இன்னா கேப்பான்னு எனக்குத் தெரியாதா?"

எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் இந்த மனிதரைத் திருடன் என்று நினைத்திருக்கிறேன்.

ஆனால் அடுத்த கேள்வி எனக்கும் தெரியும். அந்த வீட்டை இல்லாமல் செய்தது யார்? அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கேட்கட்டும் என்பது மாதிரி.

பத்து வயதில் பெட்டியைக் குடைந்தவள் நான். இப்போது ஐம்பதை நெருங்குகிறேன்...

"காபி ஆறுது சித்தப்பா, குடிங்க" என்றேன்.