கீரிமலையில் அத்தான் சொன்ன செய்தி

கடந்த ஆவணியில் நான் யாழ்ப்பாணம் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. உடுவிலில் இருக்கும் அக்கா தொலைபேசியில், "அத்தான் ஆராதனைக்கு வரமாட்டன் எண்டு நிக்கிறார். நீ ஒருக்கா வந்து கதைச்சுப் பார்" என்றாள்.

அத்தான் நீண்ட காலம் சபைச் செயலாளராக இருந்தவர். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, அறுவடை விழா எல்லாம் அவர் தலையில்தான். தை மாதம் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் வழங்காமல் போய்விட்டன, பேச்சும் மெதுவாகிவிட்டது.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ரயிலில் ஏழு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். சாப்பாடு கட்டிக்கொண்டு ஏறுங்கள். உடுவிலுக்குப் போகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் இறங்காமல் சுன்னாகம் வரை போவது சுகம். அங்கிருந்து மூன்று கிலோமீற்றர்கூட வராது. ஓட்டோவுக்கு நானூறு ரூபாய் கொடுத்தேன்.

அன்று பின்னேரமே அத்தானைத் தேற்றப் பார்த்தேன். "நீங்கள் சபைக்கு எவ்வளவு செய்தனீங்கள், அத்தான்!"

"ஓம்... செய்தனான்," என்றார். "இப்ப என்ன செய்யிறன்? சும்மா போய்க் குந்தியிருக்கவோ? ஆண்டவருக்கு இனி நான் எதுக்கு?"

என் சபை வாழ்க்கையும் கூட்டங்களும் கமிட்டிகளுமாகத்தான் போகிறது.

மறுநாள் சனிக்கிழமை. காற்றுப் படட்டும் என்று அவரைக் கீரிமலைக்குக் கூட்டிப்போனோம். கடலை ஒட்டியே நன்னீர் ஊறும் கேணி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக. போய்வர ஓட்டோவுக்கு மூவாயிரம் ரூபாய் வரை கேட்பார்கள். எங்களை ஏற்றிப்போனவர் பக்கத்து வீட்டு நேசன். பெற்றோல் காசு மட்டும் வாங்கினார். அவர் சைவம். வீட்டில் அத்தானைக் கிணற்றடிக்குத் தாங்கிப் போய்க் குளிக்க வார்ப்பவரும் அவர்தான்.

நேசன் முழுகிவிட்டு, கேணிக்குப் பக்கத்துக் கோயிலில் கும்பிட்டு, திருநீற்றோடு வந்து எங்கள் அருகே அமர்ந்தார். சும்மா கதைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "அண்ணை, சுவிசேஷம் சுவிசேஷம் எண்டு சொல்லுறீங்களே, அப்பிடியெண்டால் என்ன?"

"நல்ல செய்தி."

"என்ன செய்தி?"

அத்தான் கடலைப் பார்த்தார். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. "இயேசுவைச் சிலுவையிலை அறையேக்கை... பக்கத்திலை ஒரு கள்ளனும் தொங்கினவன். சாகப் போறான். ஒரு நல்ல காரியம் செய்யவும் இனி நேரமில்லை. என்னை நினைச்சுக்கொள்ளும் எண்டு மட்டும் கேட்டான்."

"பிறகு?"

"இண்டைக்கே நீ என்னோடை பரதீசிலை இருப்பாய் எண்டார்."

"அவன் ஒண்டும் செய்யாமலோ?"

"அவனாலை என்ன செய்ய ஏலும்? கையும் காலும்..." அத்தான் மடியில் கிடந்த தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேசன் தலையைத் துவட்டியபடி யோசித்தார். "குறை நினைக்காதேங்கோ அண்ணை, எனக்கெண்டால் உது நியாயமாப் படேல்லை."

அத்தான் சிரித்தார். நோய் வந்தபின் அவர் சிரித்து அன்றுதான் பார்க்கிறேன் என்றாள் அக்கா. "ஓம் நேசன், நியாயமில்லைத்தான். அதாலைதான் அது நல்ல செய்தி."

ஞாயிறு காலை, ஆராதனைக்குப் போடும் தன் வெள்ளைச் சேட்டை எடுத்துத் தரச் சொன்னார். நேசனின் ஓட்டோவில்தான் போனோம். அத்தான் கடைசி வரிசை வாங்கில் இருந்தார். பாட்டுக்கு வாய் ஒத்துழைக்கவில்லை. திருவிருந்து நேரம் போதகர் இறங்கி வந்து அப்பத்தைக் கொடுக்க, இடக்கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அக்கா அழுதாள். எத்தனையோ வருடம் அறிவித்தல்களை வாசித்தவர், அன்று அறிவித்தல் நேரத்தில் நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

நான் இத்தனை காலம் சபையில் கேட்டும் பாடியும் வந்த செய்தி, ஒரு அயலவரின் கேள்விக்குப் பதிலாக வந்தபோதுதான் எனக்கும் உறைத்தது. நாங்கள் செய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

போகிறவர்களுக்கு: கீரிமலைக்குக் காலையிலேயே போங்கள், மாற்றுத் துணி வேண்டும். ஆடி அமாவாசையன்று சனம் நிறைந்திருக்கும். நோயாளி ஒருவரைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், அவர் செய்ததையெல்லாம் எடுத்துச் சொல்லித் தேற்றாதீர்கள். அவருக்காகச் சிலுவையில் செய்யப்பட்டதைச் சொல்லுங்கள்.