ஆசீர்வாதத்தின் பெயருக்குக் கீழே

தைக் கிருத்திகைக்கு மறுநாள் காலை, மலைப்படி அருகே லலிதாவின் பூக்கடையில் நான், லலிதா, அவள் கணவர் முனிரத்தினம் ஆகிய மூவரும் இருந்தோம். லலிதாவின் போன் அடித்தது. “நைனா பூட்டாரு அக்கா,” என்றான் ஆசீர்வாதம் அண்ணனின் மகன் சாமுவேல். கட்டிக்கொண்டிருந்த சாமந்தி அவள் மடியிலேயே கிடந்தது. மலைமேல் பனி விலகவில்லை. மணியோசை மட்டும் அதற்குள்ளிருந்து இறங்கி வந்தது.

அந்தக் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்த ஆசீர்வாதம் அண்ணனை உங்களில் பலர் அறிவீர்கள். படியேறுகிறவர்கள் விட்டுப்போகும் செருப்புகளில் வார் அறுந்ததைக் கண்டால், யாரும் கேட்காமலே தைத்து வைப்பார். ஒருமுறை ஓர் அம்மாள் தரிசனம் முடிந்து வந்து, செருப்பைக் காணோம் என்று அழாத குறையாகத் தேடினார்.

“தோ இருக்குதே, அது இன்னாதும்மா?”

“என்னுது அறுந்ததுங்க. இது யாருதோ.”

“கால வுட்டுப் பாருமா. கால் சொல்லும்.”

நுழைத்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

ஆந்திரத்துக்காரர்கள் அவரைத் தெலுங்கில் ‘செப்புலு அன்னா’, செருப்பு அண்ணன், என்பார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு அவர், பழந்தமிழ்ச் சொல்லில், ‘செம்மான்’. சாதிப் பெயரை வசவாக வீசியவர்களும் உண்டு. அப்படி ஒருவர் கத்திய நாளில் லலிதா வரிந்துகட்டிக்கொண்டு எழுந்தாள்.

“குந்து லலிதா. வாய் அவுருது. செருப்பு இன்னா பாவம் பண்ணுச்சு?”

தைத்துக் கொடுத்தார். ஆனால் அந்த ஆளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த மாலை, கல்லறைக் கல்லில் பெயருக்குக் கீழே என்ன வெட்டுவது என்று பேச்சு வந்தது.

“தொழில் பேரே வாணாம்மா,” என்றான் சாமுவேல். “எம் பொண்ணு அங்க நின்னு அத்தப் படிக்கணுமா?”

“படிக்கட்டுமே. அந்த வேலதான்டா உன்ன வளத்துச்சு,” என்றார் அவன் தாய் எலிசம்மா.

“எந்த வார்த்தையப் போடுவ? எத்த எடுத்தாலும், யாரோ ஒருத்தன் அத்த வச்சி நைனாவத் திட்டியிருக்கானே!”

எலிசம்மா சொன்னார்: “அப்போ, திட்டாதவங்களக் கேளு.”

சந்நிதியில் கண்ணை மூடினால், கீழே யாருடைய செருப்போ தைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்றொரு நிம்மதி எனக்கு வரும். அது இன்னும் வருகிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.

வரும் ஞாயிறு கல் வெட்டுகிறவர் வருகிறார். நீங்கள் ஆசீர்வாதம் அண்ணனை அன்போடு எந்தச் சொல்லால் கூப்பிட்டீர்கள்? தயவுசெய்து சீக்கிரம் எலிசம்மாவிடம் சொல்லுங்கள்.