கையால் அடிக்காதவர்

பாட்டுக்காரர்களின் வாழ்க்கையை வைத்து எடுக்கிற படங்கள் எனக்கு ஆகவே ஆகாது. ஒரகடம் போகிற கம்பெனி பஸ்ஸில் டிரைவர் அடிக்கடி அந்த மாதிரிப் படத்தைத்தான் போடுவார். எந்த ஊர்ப் பாட்டுக்காரனாக இருந்தாலும் கதை ஒன்றுதான். குடிப்பான், மேடையில் கைதட்டல் வாங்குவான், வீட்டுக்கு வந்து பெண்டாட்டி கன்னத்தில் பளாரென்று ஒன்று வைப்பான். அப்புறம் அடித்த கையைத் தானே வெறித்துப் பார்ப்பான். அவள் அழுவாள், அவனுக்கு ஒரு மெட்டு பிறக்கும். பஸ்ஸில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், அதுவும் அவனுக்காக. எனக்கு அந்த டிவியைப் பிடுங்கி வெளியே எறியலாம் போல இருக்கும்.

என் அப்பா தபேலா வாசித்தவர். மணிமங்கலம், படப்பை, சேரப்பணஞ்சேரி என்று சுற்றுவட்டாரத்தில் எந்தத் திருவிழாக் கச்சேரியானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வாசிப்பைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மேடைக்கு எதிரே வாயைப் பிளந்துகொண்டு நானும் நின்றிருக்கிறேன். அதே மனுஷன் வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவைப் போட்டு அடிப்பார். கல்யாணமான நாள் முதல் சாகிற வரைக்கும் அடித்தார்.

அவர் செத்து வருஷம் திரும்புவதற்குள் தம்பி ஒரு படம் எடுக்கக் கிளம்பினான். அரை மணி நேரப் படம். வருஷத் திவசத்தன்று கோயில் திடலில் திரை கட்டி ஊருக்குப் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. தம்பியும் தபேலாக்காரன்தான், வாரநாளில் கம்பெனி, ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. அப்பாவாக நடிக்க, அவரோடு மேடையில் பாடிய ஒருவரைப் பிடித்துவிட்டான். அம்மாவாக நடிக்கத் தன் பெண்டாட்டியையே சொல்லிவிட்டான். என்னோடு மண்ணூரில் இருந்த அம்மாவிடம் வந்து சம்மதம் கேட்டபோது, அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அடிச்சதையும் காட்டு. இத்தினி வருஷமா யாரும் நம்பல. ஊரு ஒரு தடவ பாக்கட்டும்."

"அது இல்லாம படமாம்மா? அந்த சீனுதான் வெயிட்டே" என்றான் தம்பி.

எனக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. தன் உடம்பில் விழுந்தது நிஜம் என்று திடலில் நாலு பேர் பார்க்க வேண்டும், அதற்காகவே அந்தத் திவசத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், சேரப்பணஞ்சேரியில் தம்பி வீட்டுக் கூடத்தில் அந்தக் காட்சியை எடுத்தார்கள், நானும் அம்மாவும் பார்க்கப் போயிருந்தோம். தம்பி ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தான், யூனிஃபார்மைக்கூடக் கழற்றவில்லை. ஓரத்தில் அப்பாவின் தபேலாவும், அதற்குச் சுருதி கூட்டும் சின்னச் சுத்தியும் இருந்தன. நடிக்க வந்தவர் தள்ளாடிக்கொண்டே வந்து, அம்மாவாக நடித்த மருமகளை அறைந்தார். அவள் சரிந்து விழுந்தாள். செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த தம்பி, "சூப்பர்" என்றான்.

"இப்டி இல்ல தம்பி" என்றாள் அம்மா, அடித்தவரைப் பார்த்து. "அவரு கையால அடிக்க மாட்டாரு."

எல்லோரும் திரும்பினார்கள்.

"கைதானே தொழிலு? சிலிண்டர் தூக்க மாட்டாரு. தேங்கா ஒடைக்க மாட்டாரு. அந்தக் கைக்கு எண்ண தேச்சி வுட்டதே நான்தான். அத போயி எம்மேல வீணாக்குவாரா?" சொல்லிக்கொண்டே அம்மா தரையில் படுத்து, முழங்காலை மடக்கிச் சுருண்டாள். "நான் இப்டி கெடப்பேன். அவரு வுழாம செவுத்த புடிச்சிக்குவாரு. அப்பால காலு. இங்க, இடுப்புல. இங்க, வயித்துல. மூஞ்சில ஒதைக்க மாட்டாரு. வெளிய தெரியும் இல்ல?"

நடிக்க வந்தவர் ஓரடி பின்வாங்கினார். "அண்ணி, அண்ணன் குடிச்சிட்டு, நெனவு இல்லாம..."

"நெனவு இல்லாதவருக்குக் கை மட்டும் எப்டிப்பா ஞாபகம் இருந்துது?" என்று கேட்டுக்கொண்டே அம்மா எழுந்தாள்.

அன்று வரை நானும் சாராயத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். படங்களும் அதைத்தானே சொல்கின்றன? மனுஷன் தங்கம், பாழாய்ப்போன குடி, கலைஞனின் வேதனை, என்ன எழவோ. அவர் வயிற்றைக் குறிபார்த்து உதைத்திருக்கிறார்.

"வேணாம்மா" என்றான் தம்பி. "அறஞ்சா ஜனங்க மன்னிச்சிடுவாங்க. ஒதைச்சா அப்பா மேல வெறுப்பு வந்துடும். அறையே இருக்கட்டும்."

அப்போதுதான் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்த மருமகள் வாயைத் திறந்தாள்.

"மாமா வெறுங்காலாலதானே அத்தே ஒதைப்பாரு?"

"ஆமாம்மா."

"இவரு கம்பெனி ஷூவோட."

நாங்கள் தம்பியின் காலைப் பார்த்தோம். முனையில் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ. அவள் புடவையை முழங்கால் வரை தூக்கினாள். கெண்டைக்கால் முழுக்கக் கன்றிக் கறுத்து, ஒரு இடத்தில் தோல் கிழிந்து சீழ் வைத்திருந்தது.

"ஏய், இன்னாடி சொல்லிக்கினு கீற?" என்று தம்பி பாய்ந்தான். நாங்கள் மூன்று பேர் நிற்பதுகூட அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. வலது கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு காலைத் தூக்கினான். அப்பாவே எழுந்து வந்து நின்ற மாதிரி இருந்தது. நான் ஓடிப்போய் அவளை என் பக்கம் இழுத்தேன். உதை என் தொடையில் விழுந்தது.

அடுத்த உதைக்குக் கால் மேலே வருவதற்குள் அம்மா சுத்தியை எடுத்துவிட்டாள். அவன் தலையை அடிக்கவில்லை, காலை அடிக்கவில்லை. சுவரில் ஊன்றியிருந்த கையின் மேல் ஓங்கி இறக்கினாள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. மறுபடியும் இறக்கினாள். சுவரில் ரத்தம் தெறித்தது. நடிக்க வந்தவர் அம்மாவைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடிக்கும் வரை அவள் நிறுத்தவில்லை. பிடிக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை.

"கை போச்சே, ஐயோ, கை போச்சே" என்று தம்பி தரையில் புரண்டான். அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகச் சொல்லி நடிக்க வந்தவரிடம் விட்டுவிட்டு, நாங்கள் மூன்று பேரும் வெளியே வந்தோம். மருமகளால் சரியாக நடக்க முடியவில்லை, ஷேர் ஆட்டோ வரை தாங்கிக்கொண்டு போனோம். படத்தைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆட்டோ படப்பையைத் தாண்டும்போது மருமகள் மெதுவாகக் கேட்டாள்.

"அவரு கை சரியாயிடுமா அத்தே?"

"ஆயிடும்மா" என்றாள் அம்மா. "மறுபடியும் செவுத்த புடிச்சிக்குவான். அதனாலதான் சொல்றேன், திரும்பிப் போவாத."