எண்ணூறு வேகம்

கணவரின் வலது ஆள்காட்டி விரலைக் கீபோர்டின் அம்புக்குறிக் கட்டைமேல் வைத்து, கை நழுவாதபடி மணிக்கட்டுக்கடியில் துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுத்தாள் மனைவி. பக்கவாதம் வந்து ஏழு மாதம். பிடித்துப் பழகக் கொடுத்த ரப்பர் பந்தைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டிருந்தார்.

முப்பது வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவர். கை வரவேண்டுமென்றால் அவர் கேட்டது ஒன்றுதான்: வாலிபத்தில் தம்பியோடு ஆடிய லாரி விளையாட்டு. எதிரே வரும் லாரிகளில் மோதாமல் காரை ஓட்ட வேண்டும். கடைசியில் அதிகப் புள்ளி எடுத்த ஐந்து ஆட்டங்கள் பெயரோடு திரையில் வரும். நான்கு அவருடையவை. ஐந்தாவது, 4210, 'தவளை' என்ற பட்டப்பெயரில் தம்பி எடுத்தது. எடுத்த வருஷமே மஞ்சள்காமாலையில் போய்விட்டான். அவன் கைபட்டதென்று வீட்டில் மிஞ்சியது அந்த ஒரு வரி.

கடைக் கூட்டாளி பழைய பிளாப்பியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். அத்தோடு பிளாப்பி செத்தது. புது மெஷினில் லாரிகள் இமைப்பதற்குள் வந்து மோதும் என்பதால், அதைப் பழைய மெஷின் மாதிரி மெதுவாக்கும் ஒரு மென்பொருளும் போட்டார்.

"இந்த எண் மூவாயிரத்துல இருக்கட்டும் அண்ணி. அதுதான் அந்தக் காலத்து வேகம்."

மூவாயிரத்தில் கார் பத்து விநாடி தாங்கவில்லை. மூன்று நாள் மோதிவிட்டு, நான்காம் நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மதியம் அவர் கண்ணயர்ந்தபோது அவள் எண்ணை எண்ணூறாக்கினாள்.

கண்விழித்ததும் இன்னொரு முறை ஆடிப்பார்த்தார். ஒரு லாரி, இன்னொரு லாரி, இருபது லாரி. முப்பது வருஷம் மெஷினைச் சந்தேகப்பட்ட மனுஷன் அன்று தன் கையை நம்பிவிட்டார்.

4360. பட்டியல் வந்தது. ஐந்து வரியும் அவர் பெயர்.

"தவளை எங்கடி?"

அவள் கூட்டாளிக்குப் போன் போட்டாள். "அந்த விளையாட்டுக்கு இன்னொரு காப்பி வச்சிருக்கீங்களா?"

"இல்லையே அண்ணி. வர்றவன் போறவனை எல்லாம் முதல்ல காப்பி எடுடான்னு திட்டுற மனுஷன். அவரே எடுத்திருப்பார்னு நெனச்சேன்."

அவர் கோணிய வாயால் சிரித்தார். "போனாப் போறான். அவனைத் தோக்கடிச்சுட்டு கை வந்திருக்கு பாத்தியா! கடைச் சாவியை எடு. திங்கக்கிழமை திறந்துடலாம்."

சாவி கதவோரம் ஆணியில்தான் தொங்கியது. அவள் எடுக்கவில்லை.

"எண்ணூறுல வச்சிருந்தேங்க."

"எத்தனை நாளா?"

"இன்னைக்கு மட்டும்தான்."

"அவனையும் துடைச்சுட்டு, என்னையும் முட்டாளாக்கிட்டியே."

அவள் அவர் தாடையில் வழிந்த எச்சிலைத் துடைத்தாள். ராத்திரிக் கஞ்சிக்கு அவர் வாயைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை படுக்கைவிரிப்பை மாற்றி, முகம் கழுவிவிட்டு, தலையணையைச் சாய்த்து அவரை உட்காரவைத்தாள். திரையை அவர் பக்கம் திருப்பி, அவர் பார்க்க மூவாயிரம் என்று தட்டினாள்.

"முதல்ல காப்பி எடு."

"இனிமே எதுக்கு? அதான் போயிடுச்சே."

"எடுடி."

எடுத்தாள். துண்டைச் சுருட்டி மணிக்கட்டுக்கடியில் வைத்தாள். ஒன்பது விநாடி. கார் மோதியது, விரல் சரிந்தது. அவள் அதைத் தூக்கித் திரும்பக் கட்டைமேல் வைத்தாள்.