நாலாவது தையல்

தம்பி கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க மண்ணூர்பேட்டை தையல்கார அக்காவிடம் போனேன். துணியோடு அளவு ஜாக்கெட்டும் கொடுக்க வேண்டும். நான் கொடுத்தது என் கல்யாணத்துக்குத் தைத்தது. அதற்கப்புறம் இரண்டு பிள்ளை பெற்று, பத்து வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே சாப்பிட்டிருக்கிறேன். அதெல்லாம் அக்காவுக்கு எதற்கு?

அக்கா ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“இன்னாமா, உன் தங்கச்சிதா?”

“என்னோடதுதான். இதே அளவுல தைங்க. ஒரு நூல் கூடக் கூடாது.”

“டேப் வெச்சி ஒருதபா பாத்துடட்டா?”

“வேண்டாம்க்கா,” என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து ஜாக்கெட்டைக் கையில் கொடுத்தார். “ரெண்டு ஓரத்துலயும் நாலு நாலு தையல் போட்டுகீறேன். டைட்டா இருந்தா உள்ளேருந்து ஒண்ணொண்ணா பிரிச்சிக்கோ.” எனக்குச் சுருக்கென்றது. போட்டுக்கூடப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன்.

கல்யாணம் திருமழிசையில். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும் மீதி இரண்டையும் அவன் அக்கா போட வேண்டும். நாத்தனார் முடிச்சு. பெண்ணுக்குப் பின்னால் நின்று, வீடியோக்காரர் பார்க்கக் கையைத் தூக்கியாக வேண்டும். அன்று காலை மண்டபத்து அறையில் பார்த்தால், ஜாக்கெட்டின் கொக்கிக்கும் அது மாட்டவேண்டிய இடத்துக்கும் நாலு விரல் இடைவெளி. வெளியே சித்தப்பா மகள், எனக்குப் பதிலாக முடிச்சுப் போடத் தயாராக நின்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் தம்பிக்கு நான்தான் போட வேண்டும்.

வீட்டுக்காரர் சேஃப்டி பின்னை வைத்து ஒரு தையலைப் பிரித்தார். போதவில்லை. இரண்டாவதையும் பிரித்தார். கொக்கி மாட்டியது, மூச்சுதான் விட முடியவில்லை.

“மூணாவதையும் பிரிச்சுடவா?”

“நான் என்ன அவ்வளவு குண்டா?”

அவர் பின்னைக் கீழே வைத்துவிட்டார். பத்து வருட அனுபவம்.

கெட்டிமேளம் முழங்கியது. தம்பி முதல் முடிச்சைப் போட, நான் குனிந்து கையைத் தூக்கினேன். இரண்டு பக்கமும் டர்ரென்றது. உயிரே போய்விட்டது எனக்கு. மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, அந்த மேளக்காரர் நன்றாக இருக்க வேண்டும். பயந்துகொண்டே மூச்சை இழுத்தேன். தாராளமாக வந்தது. நிதானமாக இரண்டு முடிச்சையும் போட்டேன். வீடியோவில் என் கண் கலங்கியிருக்கிறது. தம்பி மேல் பாசம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

தீபாவளிக்குத் தைக்கப் போனபோது, வாயைத் திறக்காமல் அந்த ஜாக்கெட்டையே அளவுக்குக் கொடுத்தேன். அக்கா அதை உள்பக்கம் திருப்பினார்.

“மூணு பிரிஞ்சிகீதா?”

தலையாட்டினேன்.

“நாலாவதுதாம்மா உன் அளவு. முன்னாடி மூணும் உன் ஆசைக்குப் போட்டது.”