மார்கரெட் என்னும் அறிஞர்கள்

உலகத்தில் அறிவாளியாகப் பிறக்கிற பெண்களுக்கெல்லாம் மார்கரெட் என்றுதான் பெயர் வைப்பார்கள் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பவைத்தவர் என் மாமா.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அம்மாதான் அவரைத் தூக்கி வளர்த்தாள். மாங்காட்டில் எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தார். வெளியே பெரிய வாய்க்காரர். சில்லறைக்காகக் கண்டக்டரிடம் சண்டைக்கு நிற்பார், கிரிக்கெட்டில் தான் அவுட்டே இல்லை என்று இருட்டும்வரை வாதாடுவார். அம்மா எதிரில் வந்து நின்றால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

அந்த வருடம் அம்மா, தம்பிக்குக் கல்யாணம் முடித்தே தீருவது என்று காமாட்சியம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டிக்கொண்டாள். ஆறு வாரம் முடிவதற்குள்ளேயே அம்பத்தூரில் ஒரு பெண் அமைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. மாமாவைக் கேட்டார்களா என்றால், கேட்காமல் என்ன! "ஒனுக்கு ஓகேதானேடா?" என்று அம்மா கேட்டாள். மாமா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அம்மா பூ, பழம் வாங்கக் கிளம்பிவிட்டாள்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, எங்கள் பள்ளியில் பேச்சுப் போட்டி. நான் நான்காம் வகுப்பு. தலைப்பு 'உண்மையே உயர்வு'. முதல் பரிசு என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோப்பை. தலைமையாசிரியை அறையில் அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பேச்சை எழுதித் தர மாமாவே முன்வந்தார். பேச்சுப் போட்டி என்றால் சும்மாவா? இரண்டு வரிக்கு ஒரு அறிஞர் வந்து எதையாவது சொல்லிவிட்டுப் போகவேண்டும், அப்போதுதான் நடுவர்கள் தலையை ஆட்டுவார்கள். மாமா வஞ்சகமில்லாமல் அறிஞர்களை அள்ளிக் கொடுத்தார். 'சொல்லாமல் வைத்திருக்கும் உண்மை, சொன்ன பொய்யைவிட மோசம் என்றார் அறிஞர் மார்கரெட் வானகர்.' 'நாளைக்குச் சொல்கிறேன் என்பவன் இன்றைக்குப் பொய் சொல்கிறான் என்றார் தத்துவ மேதை மார்கரெட் பூனமல்.' 'ஒருவரிடம் உண்மையைச் சொல்லப் பயந்தால், அவர் அன்பை நீ நம்பவில்லை என்று அர்த்தம் என்றார் சிந்தனையாளர் மார்கரெட் திருமழி.'

எனக்கே சந்தேகம் வந்தது. "இன்னா மாமா, எல்லாருக்கும் ஒரே பேரா கீது?"

"ஃபாரின்ல அப்டிதான் பாப்பா. நம்ம தெருவுல எத்தினி குமாரு கீறானுங்க? யாராச்சும் ஏன்னு கேக்குறாங்களா?"

நியாயமாகத்தான் பட்டது. மனப்பாடம் செய்யவும் சுலபமாக இருந்தது. மொட்டை மாடியில் தினமும் ஒத்திகை. ஒவ்வொரு மார்கரெட்டுக்கும் குரல் எப்படி இருக்கவேண்டும் என்று மாமா படுத்திய பாடு இருக்கிறதே! "சண்ட போடுற மாதிரி சொல்லாத பாப்பா. கோவம்தான், ஆனா அழுவ வர்ற கோவம்." அறிஞர்கள் எதற்கு அழவேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது கோப்பை.

சனிக்கிழமை அம்மாவும் மாமாவும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா கழுத்து சுளுக்கிக்கொள்கிற அளவுக்கு வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேடை ஏறுகிற நேரத்தில் ஒரு அக்கா, கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மேடையிலிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகவே தெரியும்.

முதல் மார்கரெட்டுக்கே கைதட்டல். கடைசி வரிசை அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது மார்கரெட் வந்தபோது தலையைக் குனிந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மூன்றாவதுக்குச் சிரிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். ஆகா, ஒரு ஆளை அழவே வைத்துவிட்டோம், இனி கோப்பை எங்கே போய்விடும் என்று நான் மிச்சத்தை மூச்சுவிடாமல் பொழிந்து தள்ளினேன்.

நடுவராக வந்த பெரியவர் மைக்கைப் பிடித்தார். மார்கரெட் பூனமலின் நூல்களைத் தன் கல்லூரி நாட்களிலேயே ஆழ்ந்து படித்திருப்பதாகவும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் அவரை மறந்துவிட்டதுதான் வேதனை என்றும் சொன்னார். கூட்டத்தில் எல்லார் கையிலும் போன் இருந்தது. ஒருத்தரும் தேடிப் பார்க்கவில்லை. இவ்வளவும் புகழ்ந்துவிட்டு, அந்த மனுஷர் எனக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார். ஒரு டிபன் பாக்ஸ்! கோப்பை, கையையும் காலையும் ஆட்டிப் பேசிய ஒரு ஐந்தாம் வகுப்புப் பையனுக்குப் போயிற்று. இன்றுவரை என் வயிறு எரிகிறது.

டிபன் பாக்ஸோடு இறங்கி வந்தால் அதைப் பார்க்க ஆளில்லை. அம்மா மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார்றா அந்த மார்கரெட்டு?"

"அறிஞருக்கா."

"வானகரம், பூந்தமல்லி, திருமழிசை. ஒன் கம்பெனி பஸ்ஸு போற ரூட்டுல கீற அறிஞரா?"

மாமாவின் கண் கடைசி வரிசைக்குப் போயிற்று. அம்மாவும் திரும்பினாள். அந்த அக்கா எழுந்து நின்றுவிட்டார். அடையாள அட்டைக்கு மேலே, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. நாளைக்கு அம்பத்தூர், அம்மாவின் வேண்டுதல், எல்லாம் மாமாவின் முகத்தில் வியர்வையாக வழிந்துகொண்டிருந்தது.

இதோ விழப்போகிறது அறை என்று நான் டிபன் பாக்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அம்மா கையை ஓங்கவில்லை. மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சியாடா?"

"பயந்துட்டேன்க்கா."

"என்னப் பாத்தா? ஒனுக்குச் சோறு ஊட்டுன கைடா இது. அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு ஒனுக்கு மேடை வேணுமா, மைக்கு வேணுமா? கொழந்த வாயில உட்டுச் சொல்லுவியா?"

மாமா சின்னப் பையன் மாதிரி மூக்கை உறிஞ்சினார். அம்மா கடைசி வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அங்கியே நின்னா எப்டிம்மா? இங்க வா." பிறகு என் பக்கம் திரும்பி, "அத்தைன்னு கூப்புடு," என்றாள். மாமாவிடம், "அம்பத்தூருக்கு நீயே போன் போட்டுச் சொல்லு. அதுக்கும் இவளக் கூப்டாத," என்றாள்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, காலியாகக் கிடந்த நாற்காலி ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அத்தை பக்கத்தில் வந்து நின்று அவள் தோளில் கை வைத்தார். அப்படியும் அவள் அழுகை நிற்கவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. ஒரு கோப்பை போனதற்கு அம்மா இவ்வளவு உடைந்துபோவாள் என்று நான் நினைக்கவே இல்லை. டிபன் பாக்ஸை அவள் மடியில் வைத்தேன். முந்தானையை விலக்கி அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டேன்.

"அழாதம்மா. அடுத்த வருசம் நான் ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்குறேன்," என்றேன்.

அம்மா சரி என்று தலையாட்டினாள். என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதாள்.